ரிம்மரால எதையுமே தொட முடியாது: ரெட் டுவார்ஃப் ரசிகர்கள் எதுக்காக இப்படி சண்டை போடுறாங்க

ஒரு ஐஸ் கிரகம். தரையில விழுந்து கெடக்குற ஒரு சின்ன விண்கலம், உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. லிஸ்டர் குளிர்ல நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கான், சாப்பாடு நாய்க்குப் போடுற டின் வரைக்கும் வந்தாச்சு, நெருப்பு அணைஞ்சா ஆள் காலி, அதனால கைக்குக் கெடைச்சதையெல்லாம் எரிச்சுக்கிட்டே இருக்கான். புத்தகமெல்லாம் போச்சு. ரிம்மர் பத்திரமா சேத்து வெச்சிருந்த 24,000 பவுண்டும் போச்சு. ரிம்மர் ஏற்கனவே செத்துப்போனவன், ஹாலோகிராம், அதாவது வெறும் வெளிச்சத்தால ஆன உருவம், அவனுக்குக் குளிரும் கெடையாது பசியும் கெடையாது, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கத்தான் முடியும். இனிமே எரிக்கிற மாதிரி பெருசா ரெண்டு பொருள்தான் கண்ணுல படுது. ஒண்ணு லிஸ்டரோட கிட்டார். இன்னொண்ணு ரிம்மரோட கற்பூர மரப்பெட்டி, அவங்கப்பா அவனுக்குன்னு குடுத்த ஒரே பொருள்.

லிஸ்டர் சரி கிட்டாரையே எரிக்கிறேன்னு ஒத்துக்குறான், கடைசியா ஒரு தடவ வாசிச்சுக்குறேன், என்னைக் கொஞ்சம் தனியா விடுன்னு கேக்குறான். ரிம்மர் நகர்ந்ததும் அந்தப் பெட்டியோட பலகையில கிட்டார் ஷேப்புக்கு அப்படியே அறுத்து எடுத்து அத நெருப்புல போட்டுடுறான். ரிம்மர் திரும்பி வந்து பாக்குறான், கிட்டார் எரியுது. ஒருத்தன் உயிரா நெனைச்ச பொருளையே எரிச்சுட்டானேன்னு ஆடிப்போயிடுறான், நானும் எதையாவது விட்டுக்குடுக்கணும்னு சொல்லி, தான் பொத்திப் பொத்தி வெச்சிருந்த நெப்போலியன் காலத்து சிப்பாய் பொம்மைகள எரிச்சுடச் சொல்றான். சொல்லத்தான் முடியும். எடுத்து நெருப்புல போட அவனுக்குக் கை ஒதவாது, அது வெறும் வெளிச்சம். லிஸ்டர்தான் போடணும், தான் பண்ண திருட்டுத்தனம் உள்ள குத்திக்கிட்டே இருக்க, அவன் கையாலயே போடணும்.

இது 1989-ல வந்த 'மரூன்ட்'ங்கிற எபிசோட், விண்வெளியில நடக்குற பிரிட்டிஷ் டிவி காமெடித் தொடர் ரெட் டுவார்ஃபோட மூணாவது சீசன். நடுவுல ஒரு சின்ன எடம், ரெண்டு நடிகர்கள், பேச்சு, அவ்ளோதான். இந்த சீரிஸப் பத்தி ரசிகர்கள் நடுவுல முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டு இருக்குற சண்டைகள் நெறைய இருக்கு, எந்த சீசன் பெஸ்ட்டு, எங்க கெட்டுப்போச்சு, எது கணக்குல வரும் எது வராது, சிரிப்புச் சத்தம் வேணுமா வேணாமா, மாடல் கப்பலா கம்ப்யூட்டர் கப்பலா, இப்படி. எல்லாத்தையும் ஒண்ணொண்ணா நோண்டிப் பாத்தா கடைசில இந்த ஒரு சீன்லதான் வந்து நிக்குதுன்னு நான் நம்புறேன். ஒருத்தன ஒருத்தன் புடிக்காத ரெண்டு பேர், ஓடிப்போக எடமில்லாம, ஒரே ரூம்ல, அதுல ஒருத்தனால எதையும் தொடக்கூட முடியாது. இந்த நெலம எப்பெல்லாம் இறுக்கமா இருந்துச்சோ அப்பெல்லாம் ரசிகர்கள் சேந்து நின்னாங்க, எப்பெல்லாம் தளர்ந்துச்சோ அப்பெல்லாம் பிரிஞ்சாங்க.

பாக்காதவங்களுக்காகக் கதைய சொல்லிடுறேன். ஜூபிடர் மைனிங் கார்ப்பரேஷனோட சுரங்கக் கப்பல் ரெட் டுவார்ஃப், மைல் கணக்குல நீளம். அதுல வேலை பாக்குற கடைநிலை டெக்னீஷியன் லிஸ்டர், லிவர்பூல் பையன், சட்டவிரோதமா ஒரு கர்ப்பமான பூனைய கப்பலுக்குள்ள கொண்டு வந்துடுறான். பூனைய ஒப்படைக்க மாட்டேன்னு சொன்னதுக்கு தண்டனையா அவன ஸ்டேசிஸ்ல, அதாவது காலமே ஓடாத ஒரு அறையில அடைச்சுடுறாங்க. அந்த நேரத்துல ஒரு ட்ரைவ் பிளேட்டு சரியா ரிப்பேர் ஆகாததால கதிர்வீச்சு கசிஞ்சு கப்பல்ல இருந்த அத்தன பேரும் செத்துப்போறாங்க. கதிர்வீச்சு அடங்குற வரைக்கும் கப்பலோட கம்ப்யூட்டர் ஹாலி அவன வெளிய விடல. அடங்குறதுக்கு 30 லட்சம் வருஷம் ஆச்சு. லிஸ்டர் வெளிய வந்து பாத்தா கடைசி மனுஷன் அவன்தான். கூட இருக்குறது அந்தப் பூனையோட வம்சத்துல மனுஷ உருவத்துக்கு வளர்ந்த ஒரு பூனை, அவனுக்கு டிரெஸ்ஸும் சாப்பாடும் தவிர வேற கவலை கெடையாது. அப்புறம் 6,000 ஐக்யூ வெச்சுக்கிட்டு தனிமையில மூளை கொழம்பிப்போன ஹாலி. அப்புறம் ஹாலோகிராமா திரும்ப வந்த ரிம்மர், நெத்தியில எச்ங்கிற எழுத்தோட. உயிரோட இருந்தப்போ லிஸ்டருக்கு மேலதிகாரி, ரூம்மேட், கப்பல்ல அவனுக்குப் புடிக்கவே புடிக்காத ஆளு.

ஏன் ரிம்மர்? ஹாலோகிராமா ஒரே ஒருத்தரத்தான் ஓட்ட முடியும், லிஸ்டருக்குப் பைத்தியம் புடிக்காம இருக்க யாரு சரின்னு ஹாலி கணக்குப் போட்டுத்தான் இவன எழுப்பிச்சு. கணக்கு என்னன்னா உயிரோட இருந்தப்போ இவங்க ரெண்டு பேருக்குள்ளதான் அதிகமா பேச்சு நடந்திருக்கு, மொத்தம் 1 கோடியே 40 லட்சம் வார்த்தை. லிஸ்டர் கத்துவான், அதுல 70 லட்சம் நான் அவன ஓடிப்போடான்னு திட்டுனது, மிச்சம் 70 லட்சம் அப்படித் திட்டுனதுக்கு அவன் என்மேல கம்ப்ளெயின்ட் எழுதுனதுன்னு. இந்த ஒரு ஜோக்குல மொத்த சீரிஸும் இருக்கு. ஹாலி போட்ட கணக்கு தப்பு மாதிரி தெரியும், ஆனா போகப்போகப் பாத்தா அது சரிதான், லிஸ்டர நெஜமாவே பைத்தியம் ஆகாம காப்பாத்துறது அந்தச் சண்டைதான்.

எழுதுனவங்க ராப் கிராண்ட், டக் நெய்லர்னு ரெண்டு பேர். பிபிசி ரேடியோ 4-ல இவங்க எழுதிக்கிட்டு இருந்த ஒரு காமெடி நிகழ்ச்சியில டேவ் ஹாலின்ஸ்ங்கிற தனியா விண்வெளில மாட்டிக்கிட்ட ஒருத்தனப் பத்தி சின்னச் சின்ன ஸ்கெட்ச் வரும், விதை அங்கதான். டிவிக்குக் கொண்டு போனா பிபிசி திரும்பத் திரும்ப வேணாம்னு சொல்லுச்சு. கடைசில தயாரிப்பாளர் பால் ஜாக்சன் கையில, வேற ஒரு காமெடி தொடரோட ரெண்டாவது சீசனுக்குன்னு ஒதுக்கி அது நடக்காமப் போனதால மிச்சமிருந்த காசு இருந்துச்சு, அதுல பிபிசி மான்செஸ்டர் மூலமா ஆரம்பிச்சாங்க. 1987-ல எலக்ட்ரீஷியன்கள் ஸ்ட்ரைக் வந்துடுச்சு, மொத சீசன முழுசா ஒத்திகை பாத்துட்டு ஒரு எபிசோடுகூட ஷூட் பண்ண முடியாம வீட்டுக்குப் போனாங்க, அப்புறமா திரும்ப வந்து எடுத்தாங்க, 1988 பிப்ரவரி 15 அன்னைக்கு பிபிசி 2-ல மொத எபிசோட் வந்துச்சு. லிஸ்டரா நடிச்ச கிரெய்க் சார்ல்ஸ் மேடையில கவிதை படிக்கிறவர், ரிம்மரா நடிச்ச கிறிஸ் பேரி மிமிக்ரி ஆர்டிஸ்ட், பூனையா வந்த டேனி ஜான்-ஜூல்ஸ் டான்ஸர், ஹாலியா வந்த நார்மன் லவெட் ஸ்டாண்ட்-அப் காமெடியன். அந்த ஸ்ட்ரைக்கால கெடைச்ச கூடுதல் நாள்கள் இவங்க ஒருத்தருக்கொருத்தர் பழகுறதுக்கு எவ்ளோ ஒதவியிருக்கும்னு மொத சீசன் பாக்குறப்பல்லாம் எனக்குத் தோணும், லிஸ்டரும் ரிம்மரும் ரூம்ல பேசிக்கிறதப் பாத்தா வருஷக்கணக்கா ஒண்ணா குடியிருந்தவங்க மாதிரியே இருக்கும்.

எழுத்தாளர்கள் ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே ஒரு முடிவு எடுத்தாங்க, ஏலியன் கெடையாது. இந்தப் பிரபஞ்சத்துல வேற உயிரே இல்ல, வழியில வர்ற ராட்சசன், ரோபோ, ஜந்து எல்லாமே எப்பவோ மனுஷன் பண்ணி விட்டுட்டுப் போனதோட மிச்சம்தான். விண்வெளிக் கதைன்னா புதுசு புதுசா கிரகவாசிகளப் பாக்கலாம்னு வர்றவங்களுக்கு இது கொறையா தெரியலாம், ஆனா இந்த விதிதான் கதவ வெளிய பூட்டுது. யாரும் வந்து காப்பாத்தப் போறதில்ல, புதுசா சிநேகிதம் புடிக்க ஆளே இல்ல, அடுக்குக் கட்டில்ல மேல் பங்க்ல ஒருத்தன் கீழ் பங்க்ல ஒருத்தன், தப்பிக்க வழியில்ல.

இப்ப மொத சண்டைக்கு வருவோம். ரசிகர்கள்ல ஒரு கூட்டம் மொத ரெண்டு சீசன்தான் நெஜமான ரெட் டுவார்ஃப்னு சொல்லும், இன்னொரு கூட்டம் மூணாவதுல இருந்துதான் சூடு புடிக்குதுன்னு சொல்லும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. மொத ரெண்டும் 1988-லயே அடுத்தடுத்து வந்துடுச்சு, செட்டு எல்லாம் சாம்பல் கலர், கம்பளி போத்துன மாதிரி ஒரு மந்தம், பேச்சுதான் எல்லாம். மூணாவது சீசன்ல புது செட்டு, புது டிரெஸ்ஸு, ஸ்டார்பக்னு ஒரு குட்டிக் கப்பல், லவெட் போய் ஹாலியா ஹாட்டி ஹேரிட்ஜ் வந்தாங்க, ரெண்டாவது சீசன்ல ஒரே ஒரு எபிசோட்ல வந்துட்டுப் போன க்ரைட்டன்ங்கிற ரோபோ வேலைக்காரன் ராபர்ட் லூவெலின் நடிப்புல நெலையா தங்கிட்டான். இத்தன மாத்தத்தையும் எப்படி வெளக்குனாங்கன்னா, அந்த சீசனோட மொத எபிசோட் ஆரம்பத்துல ஒரு நீளமான எழுத்து கண்ணால படிக்க முடியாத வேகத்துல மேல ஓடும், டேப்ப நிறுத்தி நிறுத்தித்தான் படிக்கணும். போன சீசன் கடைசில லிஸ்டர் கர்ப்பமாயிட்டான், அந்தக் குழந்தைங்க என்ன ஆச்சுங்கிறதே அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு முழு எபிசோடுக்கான கதைய கொஞ்ச செகண்ட்ல தாண்டிப் போயிட்டாங்க, இத மன்னிக்காத ரசிகர்கள் இன்னைக்கும் இருக்காங்க.

ஆனா பாருங்க, 'மரூன்ட்' வர்றது மூணாவது சீசன்ல. பழைய சீசன்தான் பெஸ்ட்டுன்னு சொல்றவங்களும் அத தலைல தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க, மாத்தி சொல்றவங்களும் அதையேதான் சொல்றாங்க. அப்ப இவங்க ரெண்டு பேரும் தேடுறது சீசன் நம்பர் இல்லைன்னுதானே அர்த்தம்.

இன்னொரு உதாரணம் பாருங்க. ரெண்டாவது சீசன்ல 'பெட்டர் தேன் லைஃப்'னு ஒரு எபிசோட், பூமியில இருந்து பழைய தபால் மூட்டை ஒண்ணு வந்து சேரும். அதுல ரிம்மருக்கு அவங்கம்மா எழுதுன லெட்டர் இருக்கு. ரிம்மரால கவரப் பிரிக்க முடியாது, பேப்பரப் புடிக்க முடியாது, அதனால லிஸ்டர்தான் படிச்சுக் காட்டணும், அந்தம்மா கையெழுத்து வேற கிறுக்கல், தடுமாறித் தடுமாறி எழுத்துக் கூட்டிப் படிக்கிறான், அப்படிப் படிக்கிறப்பதான் அவங்கப்பா செத்துப்போயிட்டாருன்னு தெரியுது. செத்து 30 லட்சம் வருஷம் ஆயிடுச்சு, ரிம்மரே செத்தவன்தான், இருந்தாலும் அந்தச் சேதிய அவன் கேக்குறது அந்த நிமிஷத்துலதான், அதுவும் ஜென்ம விரோதி வாயால. தன் வீட்டு எழவுச் சேதியக்கூட தானா படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாத ஒரு மனுஷன். அதே எபிசோட்ல ஆசைப்பட்டதெல்லாம் நடக்குற ஒரு வீடியோ கேமுக்குள்ள போறாங்க, அங்க ரிம்மரால தொட முடியும், பெரிய பதவி கெடைக்குது, அப்பாவும் வர்றாரு. வந்து அவன முட்டாள்னு திட்டிட்டுப் போறாரு, ஏன்னா ரிம்மரோட மனசே தனக்கு ஒரு நல்லது நடக்குறத ஒத்துக்காது. காமெடி சீரிஸ்னு பேரு, இத எழுதுனவங்களுக்கு மனுஷங்களப் பத்தி எவ்ளோ தெரிஞ்சிருக்கு பாருங்க.

கணக்கு ஒதைக்குறதப் பத்தின சண்டை வேற. மொத எபிசோட்ல கப்பல்ல மொத்தம் 169 பேருன்னு வரும், பின்னாடி அது 1,169 ஆயிடும். நாலாவது சீசன்ல 'ஜஸ்டிஸ்' எபிசோட்ல ரிம்மர் மேல 1,167 கொலைக் குற்றம், லிஸ்டரையும் ரிம்மரையும் கழிச்சா சரியா வருது, அப்ப மொத எபிசோட்ல சொன்ன 169 என்ன ஆச்சுன்னு கேள்வி. மொத சீசன்ல லிஸ்டர் கொச்சான்ஸ்கிங்கிற பொண்ண தூரத்துல இருந்தே பாத்து ஏங்குனவன், கிட்டப் போய்க் கேக்குற தைரியமே வராதவன், பின்னாடி பாத்தா ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பழகிப் பிரிஞ்சவங்கன்னு ஆயிடுது. லிஸ்டருக்கு அப்பெண்டிக்ஸ் ரெண்டு தடவ எடுத்திருக்காங்க. இதையெல்லாம் ஒட்டவெச்சு வெளக்கம் குடுக்குறதுல ரசிகர்களுக்கு ஒரு தனி சந்தோஷம், எனக்கும்தான், காலப்பயணம் பண்ணி வரலாறு மாறுன எபிசோடுகள் இருக்கே, அதனால எல்லாம் மாறியிருக்கும்னு வாதம் பண்ணலாம். ஆனா காரணம் எளிமை. எழுதுனவங்களுக்கு இது மொதல்ல சிட்காம், அடுத்துத்தான் சயின்ஸ் ஃபிக்ஷன். அந்த வாரம் அந்த ஜோக்குக்கு என்ன வேணுமோ அத வெச்சுக்கிட்டாங்க.

அந்த 'ஜஸ்டிஸ்'லயே பாருங்களேன். ஒரு பழைய சிறைக் காலனியில ஒரு மெஷின் ரிம்மரோட மனச நோண்டிப் பாத்து, கப்பல் ஆளுங்க அத்தன பேரும் செத்ததுக்கு இவன்தான் காரணம்னு தீர்ப்பு சொல்லிடுது, ஏன்னா அந்த ட்ரைவ் பிளேட்ட சரியா ரிப்பேர் பண்ணாதது இவன், அந்தக் குற்ற உணர்ச்சி இவன் மனசுல இருக்கு. க்ரைட்டன் வக்கீலா நிக்கிறான். அவன் வாதம் என்னன்னா, எசமான், இந்த ஆளுக்கு ஒரு கப்பலோட பாதுகாப்பையே நம்பிக் குடுக்குற அளவுக்கு யாராவது பொறுப்பு குடுப்பாங்களா, இவன் கோழி சூப் மெஷின் அடைப்பு எடுக்குறவன், இவனப் பாருங்க, தன்ன பெரிய ஆளுன்னு இவன் நெனைச்சுக்கிட்டதுதான் இவன் குற்றம். ரிம்மர் தன் வக்கீலையே எதுத்து அப்ஜெக்ஷன் அப்ஜெக்ஷன்னு கத்துறான், கத்தக் கத்த கேஸ் ஜெயிக்குது. விடுதலை ஆகணும்னா தான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு நிரூபணம் ஆகணும். 169-ஆ 1,169-ஆங்கிறது இதுக்கு முன்னாடி எனக்குப் பெருசாத் தெரியல, 1,167 உயிரோட பாரம் மேல இருந்தாத்தான் அந்த வாதத்துக்கு அந்த வலி வரும்.

1992-ல வந்த அஞ்சாவது சீசன் கடைசி எபிசோட் 'பேக் டு ரியாலிட்டி', ரசிகர்கள் ஓட்டுப் போடுறப்பல்லாம் மேல வர்ற எபிசோட். நீங்க இத்தன வருஷம் ரெட் டுவார்ஃப்னு ஒரு வீடியோ கேம்தான் ஆடிக்கிட்டு இருந்தீங்க, நெஜத்துல நீங்க யாருன்னா இதுன்னு எழுப்பிச் சொல்வாங்க, ஒவ்வொருத்தனுக்கும் அவன் எத வெச்சுத் தன்ன மதிச்சானோ அது பறிபோகும். ஸ்டைலே உயிரா இருந்த பூனை பல்லு துருத்திக்கிட்டு, அசிங்கமா டிரெஸ் போட்ட டுவைன் டிப்லி ஆயிடுவான். இது ரெண்டு கட்சிக்கும் பொதுவான எபிசோட், சண்டையே கெடையாது.

1993-ல ஆறாவது சீசன். இங்கதான் என் கணக்குப்படி கயிறு மொதல்ல தளருது. பெரிய கப்பலே தொலைஞ்சு போச்சு, எல்லாரும் ஸ்டார்பக்ல அலையுறாங்க, ஹாலி இல்ல, பங்க் ரூம் இல்ல. 'லீஜன்' எபிசோட்ல ரிம்மருக்கு ஹார்ட் லைட்டுனு ஒண்ணு கெடைக்குது, செவப்பு யூனிஃபார்ம் நீலமா மாறும், இனிமே தொடலாம், சாப்பிடலாம், அடி வாங்கலாம். அந்த நிமிஷம் ரிம்மருக்கு வர்ற சந்தோஷத்தப் பாத்து நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் 'மரூன்ட்' மாதிரி ஒரு எபிசோட் எழுத முடியாமப் போச்சு, லெட்டரப் படிச்சுக் காட்டச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டாம், பொம்மைய அவனே எடுத்து நெருப்புல போட்டுக்கலாம். ரிம்மருக்குக் கெடைச்ச வரம், கதைக்கு நஷ்டம். இத ஒத்துக்காதவங்க நெறைய பேரு, அவங்க காட்டுற ஆதாரமும் லேசானது இல்ல, இதே சீசன்ல வந்த 'கன்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ்' எபிசோட்தான் 1994-ல இன்டர்நேஷனல் எம்மி வாங்குச்சு, ஜோக்கு வேகத்துக்கு இந்த சீசன மிஞ்ச ஆள் இல்ல. கடைசி எபிசோடுக்கு ஸ்க்ரிப்ட் முடிய லேட்டாகி, நடிகர்கள் எதுக்க ஓடுற எழுத்தப் பாத்துப் படிச்சு நடிச்சாங்க, அப்படி எடுத்ததும்கூட நல்லா வந்திருக்கு.

அந்த சீசனோட ராப் கிராண்ட் வெளிய போயிட்டார். ரெண்டு பேரு சேந்து எழுதுனது இனிமே டக் நெய்லர் ஒருத்தர் பொறுப்பு, கூட வேற எழுத்தாளர்களச் சேத்துக்கிட்டார். 1997-ல ஏழாவது சீசன், எட்டு எபிசோட், அதுவரைக்கும் ஆறு ஆறுதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. ஏன் எட்டுன்னா மொத்தம் 52 ஆக்கிட்டா அமெரிக்க டிவிகளுக்கு வருஷத்துக்கு வாரம் ஒண்ணுன்னு மொத்தமா விக்கலாம், 36 ஏற்கனவே இருக்கு, எட்டும் எட்டும் பதினாறு. கிறிஸ் பேரி பாதி எபிசோட்ல இல்ல, ரிம்மர் கதையில இருந்து கெளம்பிப் போயிடுறான், அந்த எடத்துக்கு கொச்சான்ஸ்கியா க்ளோயி ஆனெட் வந்தாங்க. அவங்க மேல ரசிகர்கள் காட்டுன கோபம் அநியாயம்னு நான் எப்பவும் சொல்வேன், அவங்க நடிப்புல கொறை இல்ல, ஆனா ரிம்மர் போன ஓட்டைய யாரு வந்தாலும் அடைக்க முடியாது. சீரிஸுக்கே அது தெரிஞ்சிருந்துச்சு. 'ப்ளூ'ன்னு ஒரு எபிசோட்ல லிஸ்டர் ரிம்மர நெனைச்சு நெனைச்சு ஏங்குவான், க்ரைட்டன் அத கொணப்படுத்துறதுக்காக ரிம்மரோட டைரிய வெச்சு ஒரு சவாரி மாதிரி பண்ணி ரிம்மர் எவ்ளோ சகிக்க முடியாதவன்னு ஞாபகப்படுத்துவான், லிஸ்டர் தெளிஞ்சுடுவான். பாக்குற நாங்க தெளியல.

அதே சீசன்ல ஸ்டுடியோ ஆடியன்ஸ எடுத்துட்டாங்க. சினிமா மாதிரி எடுத்து, முடிச்ச எபிசோட ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டி அந்தச் சிரிப்ப ரெக்கார்ட் பண்ணிச் சேத்தாங்க. சிரிப்புச் சத்தமே வேணாம்னு சொல்ற ரசிகர்களுக்கு நான் ஒண்ணு சொல்வேன், பழைய சீசன்ல ரிம்மர் ஒரு டயலாக் சொல்லிட்டு நிக்கிற அந்த அரை நொடியப் பாருங்க, மூக்கு ஓட்டை விரியும், கண்ணு மெல்ல லிஸ்டர் பக்கம் திரும்பும், அந்த நிறுத்தத்தோட நீளத்த முடிவு பண்றது எதுக்க உக்காந்திருக்குற கூட்டம். கிறிஸ் பேரி அவங்க சிரிப்பு மேல சவாரி பண்றார். கூட்டம் இல்லாம எடுத்தப்போ அந்த நிறுத்தம் போச்சு, பேச்சு பேச்சு மேல ஏறுது.

1999-ல எட்டாவது சீசன், ஆடியன்ஸ் திரும்ப வந்தாங்க, கிறிஸ் பேரி திரும்ப வந்தார், மொத எபிசோட 80 லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க, இந்த சீரிஸோட உச்சம் அதுதான். ஆனா ரசிகர்கள் நடுவுல அதிகமா அடி வாங்குற சீசன்கள்ல இதுவும் மொத வரிசைல. நானோபாட்டுங்கிற கண்ணுக்குத் தெரியாத குட்டி ரோபோக்கள் கப்பலையும் செத்துப்போன ஆளுங்களையும் திரும்ப உண்டாக்கிடுது, கப்பல் பூரா கூட்டம், நம்ம ஆளுங்க ஜெயில்ல. இந்த ரிம்மர் உயிரோட இருக்குறவன், பழைய எந்த ஞாபகமும் இல்ல, அந்தக் கிட்டார் ஞாபகம் இல்ல, லெட்டர் ஞாபகம் இல்ல. லிஸ்டர் கடைசி மனுஷனும் இல்ல. தனிமையும் போச்சு, சாவும் போச்சு, அப்புறம் என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க. கடைசில எரியுற கப்பல்ல ரிம்மர் தனியா நிக்கிறான், எமனே வந்து நிக்கிறான், ரிம்மர் அவன் கவட்டுல ஒரு ஒதை ஒதைச்சுட்டு ஓடுறான். அதோட முடிஞ்சுபோச்சு, பத்து வருஷம். சினிமாவா எடுக்கப் போறேன்னு நெய்லர் வருஷக்கணக்கா அலைஞ்சும் காசு சேரல.

ரீமாஸ்டர் சண்டையையும் சொல்லிடணும், சுருக்கமா. 1998-ல மொத மூணு சீசன எடுத்து மாடல் கப்பல் ஷாட்டுங்களத் தூக்கிட்டு கம்ப்யூட்டர்ல பண்ண கப்பல வெச்சாங்க, கப்பல நீட்டுனாங்க. பழைய மாடல்ல வெளிச்சம் பட்டு ஒரு கனம் தெரியும், துருப்புடிச்ச செவப்பு, பாத்தாலே கிழட்டு இரும்புன்னு தெரியும். புதுசு பென்சில் மாதிரி மெதக்குது. இந்த ஒரு விஷயத்துல ரசிகர்கள் நடுவுல அனேகமா எதிர்க்கட்சியே கெடையாது.

அமெரிக்காவுலயும் 1992-ல ஒரு முயற்சி நடந்துச்சு, என்பிசி சேனலுக்காக ஒரு பைலட், அதாவது சோதனை எபிசோட் எடுத்தாங்க, க்ரைட்டனா லூவெலினயே கூட்டிட்டுப் போனாங்க, லிஸ்டரா கிரெய்க் பியர்கோ, வாட்டசாட்டமா அழகா இருப்பார். சீரிஸா போகல. லிஸ்டர் சட்டையில கறி கொழம்புக் கறை இருக்கணும். உலகத்தோட கடைசி மனுஷன் சோம்பேறி, கால் நகம் வெட்டாதவன், ஆனா மனசு தங்கம், அதுதான் அங்க ஜோக்கு. அழகான ஹீரோவ வெச்சா அவனுக்கு ரிம்மர் ஒரு எதிரியே இல்ல.

கறின்னு சொன்னதும் ஒண்ணு. லிஸ்டருக்கு விண்டலூன்னா உயிர், பாதி ஜோக்கு விண்டலூவச் சுத்திதான். நாலாவது சீசன்ல மட்டன் விண்டலூவே உயிர் புடிச்சு ராட்சசனா வந்து நிக்கும், அத பீர் வெச்சுத்தான் கொல்ல முடியும். வினிகரும் பூண்டும் போட்டு போர்ச்சுகீசுக்காரங்க பண்ணுன கறிப் பக்குவம் கோவாவுக்கு வந்து உண்டான கொழம்பு, இங்கிலாந்து கறிக் கடைகளுக்குப் போய் காரப் பந்தயமா மாறுனது, அங்கருந்து 30 லட்சம் வருஷம் தாண்டிப் போன கப்பல்ல மனுஷகுலத்தோட ஞாபகமா மிஞ்சி நிக்குது. நம்ம பக்கத்துச் சாப்பாடு அவ்ளோ தூரம் போயிருக்கேன்னு எனக்கு அதுல ஒரு பெருமை உண்டு.

2009 ஈஸ்டர் சமயத்துல டேவ்ங்கிற சேனல்ல மூணு பாகமா திரும்ப வந்தாங்க, ரிம்மர் திரும்பவும் ஹாலோகிராம், எப்படின்னு யாரும் நின்னு வெளக்கல. அந்த மூணு பாகத்த ஒம்பதாவதா எண்ணிக்கிட்டு 2012-ல பத்தாவது சீசன், ஆடியன்ஸ் திரும்ப, நாலு பேர் மட்டும், பங்க் ரூம் திரும்ப. அந்த சீசன் கடைசி எபிசோட்ல ரிம்மர் அவங்கப்பா விட்டுட்டுப் போன செய்திய போட்டுப் பாக்குறான், தான் அவர் பையனே இல்ல, தோட்டக்காரர் பையன்னு தெரியுது. ஆயுசு பூரா அந்த ஆளுகிட்ட நல்ல பேரு வாங்கத்தான் ஓடுனான், இப்ப அந்தப் பாரம் எறங்குது. தோட்டக்காரர் பையனுக்கு இவ்ளோ தூரம் வந்ததே பெருசுன்னு நிமிந்து நிக்கிறான். ரெண்டாவது சீசன்ல அந்த லெட்டரக் கேட்டு ஒடைஞ்சவன 24 வருஷம் கழிச்சு நிமித்தியிருக்காங்க, தொடர்ச்சியே இல்லாத சீரிஸ்னு சொல்றவங்க இத எங்க வெப்பாங்கன்னு தெரியல.

2020 ஏப்ரல்ல 'தி பிராமிஸ்ட் லேண்ட்'னு ஒன்றரை மணி நேரப் படம். அதுல ரிம்மரோட பேட்டரி தீந்துக்கிட்டு வருது, அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துடுது, நான் ரிம்மரே இல்ல, செத்துப்போன ஒருத்தனோட நகல், வெறும் வெளிச்சம், இருந்தா என்ன போனா என்னன்னு. லிஸ்டர் பக்கத்துல உக்காந்து பேசுறான். நிலா வெளிச்சம்னு ஒண்ணு தனியா கெடையாது, அது சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்புறது அவ்ளோதான், ஆனா அதுக்காக நிலா வெளிச்சம் இல்லைன்னு ஆயிடுமா, எத்தன பேரு அதப் பாத்துப் பாட்டு எழுதியிருக்காங்க, நீ அந்த நிலா வெளிச்சம்னு சொல்றான். ரெண்டு பேருக்கும் தலை நரைக்கிற வயசு, முகத்துல சுருக்கம், கிரெய்க் சார்ல்ஸ் கொரல் கொஞ்சம் கரகரன்னு. கப்பல், பூனைக் கூட்டம், சண்டை எல்லாம் ஓரமா நிக்குது. ரிம்மர் எதுவும் சொல்லாம கேட்டுக்கிட்டு இருக்கான்.